முதுகு மட்டும் தெரிந்த படம்

"சாவியை வண்டியிலயே உட்டுட்டு வந்துடுவாரா உங்கண்ணன்?"

"வண்டியில இல்ல. ராணியம்மா கடைத் தூண்ல ஒரு ஆணி இருக்கு. அதுல மாட்டிட்டு வந்துடும்."

"யாரு வேணாலும் எடுத்துக்கினு போவலாமா?"

"யாருக்கு அவசரமோ அவங்க எடுத்துக்கலாம். வந்ததும் மறுபடியும் ஆணியில மாட்டணும். அவ்ளோதான்."

"காணாம போச்சுன்னா?"

"மலையில எங்க போயி காணாம போவும்? இருக்கறது ஒரு ரோடு."

கவியரசன் சிரித்துவிட்டான். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அவனுடைய தியாகதுருகம் பஸ் அன்று இரண்டு போய்விட்டிருந்தன. மணிமொழியின் மலை பஸ் இன்னும் வரவில்லை. அதனால்தான் அவன் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"என்னையும் ஒரு நாளு அந்த வண்டியில கூட்டிக்கினு போ மணி. உங்க ஊரைப் பாக்கணும்."

"நானே கூப்புடுவேன். அதுவரைக்கும் நீயா வரக் கூடாது. பொண்ணு வாயால கூப்ட்டாத்தான் மாப்பிள்ளை மலையேறணும். எங்க பக்கத்துல அப்படித்தான்."

அப்படி ஒரு வழக்கம் கல்வராயன் மலையில் எங்கும் கிடையாது. அந்த நொடியில் அவளே போட்ட சட்டம் அது.

"சரி, கூப்புடு. கூப்ட்ட அன்னிக்கே வரேன்" என்றான் கவியரசன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. மணிமொழி இன்னும் கூப்பிடவில்லை.

கூப்பிடாமல் இல்லை, கூப்பிட முடியாமல் போயிற்று. கல்யாணம் தியாகதுருகத்தில் நடந்தது. மலையிலிருந்து அம்மா, அண்ணன், அண்ணி, ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு வேனில் இறங்கி வந்தார்கள். மறுவீட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மலைக்குப் போவதாகப் பேச்சு. சாமை விதைப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். அதற்குள் அந்த ஜூன் மாதம் வந்துவிட்டது. கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த அந்த வாரத்தில், மாமியார் ஜெயம்மாளின் தம்பி அரங்கநாதனும் போய்விட்டார். மூட்டை தூக்கிவிட்டு வந்த அலுப்புக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் குடித்தவர்.

"மலையிலருந்துதான் இறங்குது இந்த எமன்" என்று ஜெயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பாக்கெட்டில் இருந்தது மலையில் காய்ச்சிய சரக்கு இல்லை என்று மணிமொழிக்குச் சொல்லத் தோன்றியது. சாவு வீட்டில் எப்படிச் சொல்வது? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஜெயம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மலையை நீ மிதிக்கக் கூடாது" என்றாள். கவியரசன் தலையாட்டினான். கதவோரம் நின்று மணிமொழி அதைப் பார்த்தாள்.

அவளைப் போகக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. போய் வா என்றும் யாரும் சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை ஜெயம்மாள் மகனுக்குத் தோசை வார்த்துக்கொண்டே மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா மணி, உங்க லேப்ல வெறகு அடுப்பு வெச்சிருக்காங்களா?"

"இல்லியே அத்தை. ஏன்?"

"செவ்வாக்கெழம வந்தப்போ உன் துணியெல்லாம் ஒரே பொக வாசனை. அதான் கேட்டேன்."

மணிமொழி டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்கார மறுத்தது.

"பக்கத்துல டீக்கடை இருக்குத்தை."

"டீக்கடையில இப்பல்லாம் கேஸுதானே?"

"யம்மா, சட்னியில உப்பு கம்மி" என்றான் கவியரசன்.

"நேத்து ஜாஸ்தின்னே. இன்னிக்கு கம்மின்றே. உன் நாக்கை எங்கியாவது கழட்டி வெச்சிட்டு வந்தியா?"

பேச்சு உப்புக்குப் போய்விட்டது. மணிமொழி மூச்சு விட்டாள். நல்ல வேளையாக அவர் நடுவில் பேசினாரே என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள்.

கவியரசன் கிளம்பும்போது ஜெயம்மாள் வாசல்வரை வந்தாள். தை மாதத்திலிருந்து அவனுக்குக் கேமரா அறையில் வேலை. அணையைத் தாண்டி, மலை ரோடு ஏறத் தொடங்கும் இடத்தில் போலீஸ் ஒரு கம்பம் நட்டு, வண்டி நம்பரைத் தானாகப் படிக்கும் கேமராக்களை மாட்டியிருந்தது. ஏறுகிற, இறங்குகிற எல்லா வண்டியின் நம்பரும் நேரமும் படமும் டவுனில் ஒரு திரையில் வந்து விழும். அந்தத் திரையைப் பார்க்க ஒரு தனியார் கம்பெனி ஆள் எடுத்தது. கவியரசன் அதில் ஒருவன்.

"ஒரு வண்டியையும் உட்டுடாதடா" என்றாள் ஜெயம்மாள். தினமும் சொல்வதுதான். "இந்தக் கேமராவை ரெண்டு வருசம் முன்னாடியே வெச்சிருந்தா எந்தம்பி இன்னிக்கு உக்காந்து தோசை துன்னுக்கினு இருப்பான்."

கவியரசன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

*

மணிமொழி வேலை பார்ப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சாப்பாட்டுக்கு முந்தைய ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் போய், கூட்டம் குறைந்த நேரத்தில் போன் அடித்தது. அண்ணி வளர்மதி. காற்று இரைந்தது. சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று பேசுகிறாள் என்று புரிந்தது.

"மணி, உங்கண்ணனைச் செக்போஸ்ட்ல உக்கார வெச்சிருக்காங்க. காலையிலருந்து."

"எதுக்கு அண்ணி?"

"கேமராவுல வண்டி நம்பரு செவப்பாயிடுச்சாம், சந்தேக வண்டியாம். ஒரே வண்டி ஒரு நாளைக்கு இத்தினி தடவை ஏறி எறங்கினா சாராயந்தானேன்றாங்க. யார் யார் ஓட்டுனாங்க சொல்லுன்னு கேட்டதுக்கு, எல்லாம் நாந்தான்னு சொல்லிட்டு குந்திக்கினு இருக்குது."

மணிமொழிக்கு அண்ணன் மாதனைத் தெரியும். அந்த ஊரில் மோட்டார் சைக்கிள் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. அதில்தான் ரேஷன் அரிசி வரும், மரவள்ளிக்கு மருந்து வரும், காய்ச்சல்காரர்கள் இறங்குவார்கள். ஒருவன் பெண் பார்க்கப் போவான், இன்னொருவன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போவான். யார் எடுத்தார்கள், எதற்குப் போனார்கள் என்று மாதன் கேட்க மாட்டான், தெரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டான். வண்டியைக் கொடுத்தவன் வாயைத் திறந்தால் அடுத்த முறை அவசரத்துக்கு யாரும் அந்த ஆணியைத் தொட மாட்டார்கள். ஊர் அப்படித்தான் பழகியிருந்தது. போலீஸ் கேட்டாலும் மாதனுக்கு அதே பழக்கம்தான்.

"அதோட உட்டாகூட பரவால்ல மணி" என்றாள் வளர்மதி. "படத்துல பின்னாடி ஒரு பொம்பள குந்திக்கினு இருக்காம். நீலத் துப்பட்டா, தோள்ல ஒரு பை. மாசத்துல ரெண்டு செவ்வாக்கெழம தவறாம வருதாம். அது யாரு, பையில இன்னா இருக்குன்னு கேக்கறாங்க. வழியில ஏத்திக்கினேன், யாருன்னு தெரியாதுன்னுச்சாம் இது. ஒரே பொம்பள எப்படிய்யா ஒவ்வொரு தடவையும் வழியில நிப்பான்னு கேட்டுச் சிரிச்சாங்களாம்."

மணிமொழி நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவளுடைய நீலத் துப்பட்டா தொங்கியது.

"பேரைச் சொல்லச் சொல்லுங்க அண்ணி."

"சொல்லாது. நீ யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கினியாமே. உங்கண்ணனை உனக்குத் தெரியாதா? வண்டியைப் புடுங்கி வெச்சிக்கினு கேஸ் போடுவாங்களாம் மணி. ஊருக்கு இருக்கறதே அந்த ஒரு வண்டி."

அம்மா சாமியம்மாள் கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டது போன ஐப்பசியில். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்குமேல் எழவில்லை. சோறு வடிக்கிறாள், களை பிடுங்குகிறாள், தலை மட்டும் சீவிக்கொள்ள முடியவில்லை. "மருமவ சீவி விடறேன்றா, எனக்குத்தான் கூச்சமா இருக்குது" என்று போனில் ஒரு முறை சொன்னாள். அன்றிலிருந்து அரைநாள் விடுப்பு கிடைக்கிற செவ்வாய்க்கிழமைகளில் மணிமொழி அடிவாரம்வரை பஸ்ஸில் போவாள். மாதன் வந்து ஏற்றிக்கொள்வான். கேமரா வண்டி நம்பரை மட்டும்தான் படிக்கும், பின்னால் உட்கார்ந்த ஆளைக் காட்டாது என்று அவள் நினைத்திருந்தாள். அடுப்பில் வெந்நீர் போட்டு, அம்மாவுக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, சிக்கெடுத்துக் கொண்டை போட்டுவிட்டு, விளக்கு வைக்கும் முன்னே வீடு திரும்பிவிடுவாள். அந்தப் பையில் இருந்தது எண்ணெய்க் குப்பியும் சீயக்காய்ப் பொடியும் ஒரு பேன் சீப்பும்.

பெற்ற தாய்க்குத் தலை சீவப் போவதை ஒளிக்க வேண்டியிருக்கிறதே என்று அவள் பல முறை பஸ்ஸில் உட்கார்ந்து வெட்கப்பட்டிருக்கிறாள். ஆனால் மலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் மாமியாரின் முகம் மறுபடி அந்த ஜூன் மாதத்து முகமாக மாறிவிடும். கணவன் நடுவில் நின்று தவிப்பான். அதற்கு ஒரு பொய் எளிதாக இருந்தது.

"சுபஸ்ரீ, நான் கொஞ்சம் போயிட்டு வந்துடட்டா?" என்று கூட வேலை பார்க்கிறவளிடம் கேட்டாள்.

சுபஸ்ரீ அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்கவில்லை. "போ. டாக்டர் கேட்டா வயித்து வலின்றேன்."

மணிமொழி கொக்கியிலிருந்து அதே நீலத் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று தோன்றியது.

*

அணையைத் தாண்டியதும் பஸ்ஸில் வழக்கமான பேச்சு இல்லை. செக்போஸ்ட் வரும் முன்னே ஒருவர் மடியிலிருந்த பையைத் தானாகவே திறந்து வைத்துக்கொண்டார். எப்படியும் கேட்பார்கள் என்று பழகிவிட்டது போல.

கம்பத்துக்கு எதிரே இருந்த கல்லில் மாதன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ராணியம்மாள். கடையைப் பூட்டிவிட்டு, முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்திருக்கிறாள்.

"நீ எதுக்கு வந்தே?" என்றான் மாதன். "நான் பாத்துக்கறேன். போ பாப்பா."

"இன்னா பாத்துக்கறே?"

"ரெண்டு நாளு உக்கார வெப்பாங்க. அப்புறம் சோறு போட முடியாம அவங்களே உட்டுடுவாங்க."

"வாயி மட்டும் கொறையல உங்கண்ணனுக்கு" என்றாள் ராணியம்மாள். "உள்ள போயி அதே வாயால ஒரு பேரைச் சொல்றான்னா சொல்லலியே."

"யக்கா, கம்முனு இரு."

"நான் ஏன் கம்முனு இருக்கணும்? ஏம்மா மணி, கேமரா வேணான்னு நான் சொல்ல மாட்டேன். அது வந்தப்புறம் சாராய வண்டி கம்மியாயிடுச்சி. என் வூட்டுக்காரரு ராவுல வூட்ல படுக்கறாரு, பொய் சொல்லக் கூடாது. ஆனா போன மாசம் என் மருமவளுக்கு ஜன்னி கண்டாப்புல காய்ச்சல். இதே வண்டியில என் பையன் கூட்டிக்கினு வந்தான். நம்பரு செவப்பாயிடுச்சின்னு நிறுத்தி, சீட்டைத் தூக்கிப் பாத்து, கஞ்சித் தூக்கை மோந்து பாத்துட்டுத்தான் உட்டாங்க. கஞ்சியை மோந்து பாக்கறதுக்கு எதுக்கும்மா அத்தினி உசரத்துல ஒரு கேமரா?"

மணிமொழி உள்ளே போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தீனதயாளன் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் போல, கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. குரல் கடுமையாக இல்லை.

"யாரும்மா?"

"மாதனோட தங்கச்சி சார். படத்துல இருக்கற பொம்பள நான்தான்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அதில் மணிமொழி தன் முதுகைப் பார்த்தாள். வண்டியின் பின்பக்கத்து நம்பரைப் படிப்பதற்கென்று வைத்த கேமரா, அதனால் முகமில்லை. நீலத் துப்பட்டா, ஒற்றைச் சடை, அண்ணன் தோளைப் பிடித்த கை. தீனதயாளன் அடுத்த படத்தைத் தட்டினார். அடுத்தது. அடுத்தது. ஒன்றில் மழை. ஒன்றில் அவள் ஏதோ சொல்லிச் சிரித்திருக்க வேண்டும், தலை அண்ணன் முதுகில் சாய்ந்திருந்தது. தனக்குத் தெரியாமல் தன் வாழ்க்கையில் இத்தனை நாட்களை யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றியது.

"பையில இன்னா?"

அவள் சொன்னாள். எண்ணெய், சீயக்காய், பேன் சீப்பு. அம்மாவின் கை.

"இதைச் சொல்றதுக்கு உங்கண்ணனுக்கு இன்னாம்மா?"

"நான் சொல்லாதேன்னேன் சார். எங்க லேப்ல ரத்தக் குப்பிக்கு நம்பர் ஒட்டினாலும், ஆளைப் பாத்துப் பேரைக் கேட்டுட்டுத்தான் ஊசி போடுவோம். நீங்களும் ஒரு தடவை மேல வந்து கேட்டிருக்கலாம். அந்த வண்டி யாருதுன்னு கேட்டா ஊரே சொல்லும்."

"நீங்க கேட்டா பேரைச் சொல்றாங்க. உங்கண்ணனைக் காலையிலருந்து கேக்கறேன், எல்லாம் நாந்தான்றாரு. நான் இன்னா பண்ண?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"இதைப் பாரும்மா" என்றார் அவர், கொஞ்சம் இறங்கிய குரலில். "எத்தனையோ வண்டி அடிக்கடி ஏறி எறங்குது. பால் வண்டி, மர வண்டி. இதை மட்டும் நாங்களா செவப்பாக்கல. மேல ஆபீசுலருந்து வந்தது. கேமரா ரூம்ல இந்த நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தேடியிருக்காங்க, பல மாசமா. ஒரு நம்பரை அத்தினி தடவை தேடினா, ஏதோ தகவல் இருக்குன்னுதானே மேல இருக்கறவங்க நெனைப்பாங்க? உடனே சந்தேக வண்டின்னு போட்டுட்டாங்க."

"யாரு சார் தேடினது?"

"அதான் எனக்கும் புரியல. ஒரே ஆபரேட்டர்." அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "கவியரசன்னு ஒரு பையன். விளக்கம் கேக்கணும்னு வரச் சொல்லியிருக்கேன். இப்ப வந்துடுவான். உனக்குத் தெரியுமா அவனை?"

மணிமொழிக்குக் காலையில் சட்னியில் உப்பு குறைந்தது ஞாபகம் வந்தது.

"தெரியும் சார்" என்றாள். "என் வீட்டுக்காரரு."

*

கவியரசன் வந்தபோது அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் நீலத் துப்பட்டாவோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றான்.

உள்ளே நடந்த பேச்சு நீளவில்லை. வண்டியை இன்றைக்கு விடுவதாகச் சொல்லி தீனதயாளன் சாவியை மாதனிடம் கொடுத்தார். ஆனால் சிவப்பை அவரால் எடுக்க முடியாது. தேடியது சொந்த விஷயத்துக்கு, வண்டியின் மேல் எந்தத் தகவலும் இல்லை என்று கவியரசன் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தால், மேலே சொல்லி எடுக்கச் செய்யலாம். எழுதிக் கொடுத்தால் அந்தக் கம்பெனி அவனை வேலையில் வைத்துக்கொள்ளுமா என்பது தனக்குத் தெரியாது என்றார். எழுதாவிட்டால் அந்த வண்டியில் காய்ச்சலோடு யார் வந்தாலும் நிறுத்தித்தான் தீர வேண்டும்.

கவியரசன் தலையாட்டினான். அது எந்தப் பக்கத்துத் தலையாட்டல் என்று மணிமொழியால் சொல்ல முடியவில்லை. அவன் தலையாட்டி அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் மாதன் இருவரையும் பார்த்தான். "நானும் யக்காவும் ஒரு டீ குடிச்சிட்டு வரோம் மாப்ள" என்று சொல்லி, கதை கேட்கும் ஆவலோடு நின்ற ராணியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கம்பத்தின் அடியில் நிழல் மெல்லியதாக விழுந்திருந்தது. மேலே கேமரா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மொதல் தடவை நான் தேடல மணி" என்றான் அவன். "தானா வந்து திரையில நின்னுச்சி. மச்சான் வண்டின்னு நம்பரைப் பாத்துத் தெரிஞ்சிக்கினேன். அப்புறம்தான் பின்னாடி உன் சடை தெரிஞ்சிது. எனக்கு ஒரு நிமிஷம் கையே ஓடல."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ பொய் சொல்ல வேண்டி வரும். இல்லன்னா போறதையே நிறுத்திடுவே. அத்தையைப் பாக்கத்தானே போறா, போவட்டும்னு உட்டேன்."

"போவட்டும்னு உட்டியா?" அவள் குரல் உயரவில்லை. வீட்டில் மாமியார் எதிரில் சொல்கிற 'நீங்க' எப்போது விழுந்து போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. "எங்கம்மாவைப் பாக்க நான் போறதுக்கு, எனக்கே தெரியாம நீ குடுத்த உத்தரவா அது?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பத்திரமா எறங்கிட்டியான்னு பாக்கத்தான் மொதல்ல தேடினேன். வளைவுல மழைன்னா மனசு அடிச்சிக்கும். நீ எறங்கின படம் வந்தா நிம்மதி. அப்புறம் செவ்வாக்கெழம இல்லாத நாள்லயும் நம்பரைப் போட ஆரம்பிச்சேன். எனக்கு லீவுன்னா அடுத்த நாள் போய் முந்தின நாளைத் தேடுவேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. பாக்க முடியும்ன்றப்போ பாக்காம இருக்க முடியல மணி. நான் இப்படித் தேடினதுதான் மச்சானைக் கொண்டாந்து இங்க உக்கார வெச்சிதுன்னு சார் சொன்னப்போ..."

முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மணிமொழிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதே அளவுக்குக் கோபமும் வந்தது. மழையில் அவளுக்காக அடித்துக்கொண்ட மனசும் உண்மை, அவளுக்குத் தெரியாமல் அவள் முதுகைச் சேர்த்து வைத்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழித்துவிட முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இந்த மனிதனோடு வாழ வேண்டும். அவள் மட்டும் என்ன, ஆறேழு மாதமாக ஒளித்துவிட்டு, காலையில்கூட டீக்கடைப் புகையென்று சொல்லவில்லையா? ஒரே வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் ஒளித்தார், ஒருவர் ஒளிந்து பார்த்தார்.

"நான் பொய் சொன்னேன்" என்றாள். "அது என் தப்புதான். ஆனா நான் ஒளிச்சது உங்கம்மா மனசு நோவக் கூடாதுன்னு. நீ என் முதுகை அத்தினி தடவை பாத்தியே, மூஞ்சியைப் பாத்து ஒரே ஒரு வார்த்தை, மணி, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டிருந்தா எனக்கு எவ்ளோ நல்லாருந்திருக்கும்."

மலை ரோட்டில் ஒரு பஸ் இறங்கி வந்தது. கேமரா அதையும் படித்துக்கொண்டது. பஸ் போன பிறகும் கவியரசன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வளைவு வரைக்கும் எனக்கு அத்துப்படி" என்றான் மெதுவாக. "எந்த இடத்துல குழி, எங்க மச்சான் பிரேக் போடுவாருன்னுகூடத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணுமே தெரியாது. நீ போயி மறைஞ்சிடுவே. அப்புறம் எறங்கறவரைக்கும் வெறும் ரோடுதான்."

டீக்கடையிலிருந்து மாதனும் ராணியம்மாளும் வந்தார்கள். மாதன் விரலில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மாப்ள, எங்க வண்டியை எங்களைவிட ஜாஸ்தி பாத்தது நீங்கதானாமே" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கண்ணில் சிரிப்பு முழுசாக இல்லை. "டயரு தேஞ்சிருக்கா பாத்துச் சொல்லக் கூடாதா?"

"மச்சான், என்னை..."

"உடுங்க. திங்கக்கெழமைக்குள்ள ஒரு நல்ல முடிவா எடுங்க. எனக்காவ இல்ல. ஆணியில கைய வெக்கவே இனிமே ஊர்ல பயப்படுவாங்க, அதுக்காவ." அவன் தங்கையைப் பார்த்தான். "கெளம்பறேன் பாப்பா. அம்மா சோறு துன்னாம உக்காந்துக்கினு இருக்கும்."

மணிமொழி அண்ணனின் விரலிலிருந்து சாவியை எடுத்தாள். அவன் ஏனென்று கேட்கவில்லை. யார் எடுத்தாலும் அவன் கேட்பதில்லை.

"அண்ணே, நீயும் ராணியம்மா அக்காவும் பஸ்ல வாங்க" என்றாள்.

ராணியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, வாழ்நாளில் அபூர்வமாக, சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

மணிமொழி கணவன் எதிரே போய் நின்றாள். இந்த வண்டியில் அவன் ஏறினால் இப்போதே தலைக்கு மேலிருக்கிற கேமரா படம் பிடிக்கும். சிவப்பு நம்பர், அவன் கூட வேலை பார்க்கிறவன் திரையில் உடனே கத்தும். நாளைக்கு ஆபீஸ் கேட்கும். அதற்கு முன்னால், இன்றைக்கே, துணியில் புகை வாசனையோடு அவன் தன் தாயின் எதிரில் போய் நிற்க வேண்டியிருக்கும். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாகத் தெரிந்ததனால்தான் அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றிருந்தது.

அவன் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினாள்.

"கவி" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வெளியே சொன்னதில்லை. "நான் கூப்புடறேன். எங்க வூட்டுக்கு வா."